ஒரு ஸ்பூன் தண்ணி

"கலர் குடிக்கிறீகளா அண்ணாச்சி? சில்லுன்னு இருக்கு."

சோணைமுத்து பாட்டிலைத் திறந்தே நீட்டினார். தங்கப்பாண்டியன் தலையை ஆட்டினார். வேண்டாமாம்.

"தண்ணியாவது ஒரு வாய்..."

அதற்கும் அதே ஆட்டல்.

தாம்பாளத்தில் பத்திரிகையை வைத்து நீட்டி, "பாப்பாவுக்குக் கல்யாணம். எல்லாரும் வந்துரணும்" என்று வாய்க்குள்ளேயே முனகினார். கும்பிட்டார். போய்விட்டார்.

வெம்பக்கோட்டைப் பக்கம் அந்த ஊரில் பாதி நிலம் தங்கப்பாண்டியன் குடும்பத்துக்கு. சோணைமுத்துவின் அப்பா அந்த நிலத்தில் கூலிக்கு நின்றவர். அந்த வீட்டு வாசலில் குனிந்து, கையேந்தித்தான் தண்ணீர் குடித்தார். பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் முப்பது வருஷமாகியும் சோணைமுத்து அதை மறக்கவில்லை. எப்படி மறப்பார்?

"பாத்தியா இருளம்மா! பத்திரிகை வைக்க மட்டும் நம்ம வீடு தெரியுது. நம்ம தண்ணி அவரு தொண்டையில எறங்க மாட்டேங்குது!"

"அவரு ஒரு வருசமா யாருகிட்டயும் சரியாப் பேசுறதே இல்லையாம்ல" என்றாள் மனைவி.

"தலக்கனம். வேற என்ன?"

மகள் மாரிசெல்வி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை நேராகத் தங்கப்பாண்டியன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

சோணைமுத்துவுக்கு வந்ததே கோபம். "அந்த வாசல்ல ஏன் போயி நின்ன? என்னத்தப் பேசுன?"

"அதைச் சொல்லக் கூடாதுப்பா. எங்க வேலையில அது விதி."

"எந்த ஊரு விதி? பெத்த அப்பன்ட்டயே சொல்ல மாட்டியோ?"

மாரிசெல்வி மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் பேச்சுக்கும் விழுங்குவதற்கும் சிகிச்சை தருபவள். அந்தத் தெருவில் முதல் பட்டமே அவளுடையதுதான். இப்போது ஓர் ஆராய்ச்சியும் நடத்துகிறாள். வாய்க்குள் மேலே, உள்நாக்கு தொங்குகிற இடத்தில் மெத்தென்று ஒரு சதை இருக்கிறது. பேசும்போதும் விழுங்கும்போதும் அது எழும்பி மூக்குக்குப் போகிற வழியை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் பேச்சு மூக்கில் போகும், குடிக்கிற தண்ணீரும் மூக்கில் வரும்.

டீக்கடையில் இதை நூறு தடவையாவது விளக்கியிருப்பார் சோணைமுத்து. கேட்கிறவன் டீயை ஆறவிட்டுத்தான் எழுந்து போக முடியும். அம்புட்டுப் பெருமை.

ஆனால் அந்த ஆராய்ச்சிக்காக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் போட்ட முகாமுக்கு இரண்டு ஞாயிறாக ஓர் ஆள்கூட வரவில்லை. நோய் இல்லாமல் இல்லை, வெட்கம். மூன்றாவது ஞாயிறும் யாரும் பேர் கொடுக்காவிட்டால் இந்தப் பக்கத்தையே ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அந்த ஞாயிறும் வந்தது. பள்ளிக்கூட வாசலில் கூட்டம் என்னவோ இருந்தது. எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தது. போட்டிருந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

பதினொரு மணிக்குத் தங்கப்பாண்டியன் வந்தார். யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாரிசெல்வி திரையை இழுக்கப் போனாள். கையைக் காட்டி நிறுத்தினார். பாட்டில் தண்ணீரை ஸ்பூனில் ஊற்றி நீட்டினாள். தலையை ஆட்டினார். வேண்டாமாம்.

கூட்டத்தில் நின்ற சோணைமுத்து பொங்கிவிட்டார். "படிச்ச புள்ள, டாக்டருக்குச் சமமா நிக்கிறா. அவ கையாலயும் குடிக்க மாட்டீகளோ? பெறகு எதுக்கு இங்கன வந்தீக?"

தங்கப்பாண்டியன் வாயைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லும் மூக்கு வழியாக வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

"போன ஆடியில எனக்கு வாதம் வந்துச்சு. கை காலு தேறிருச்சு, தொண்டை தேறல. தண்ணி குடிச்சா மூக்குல வருது. என் தம்பி வீட்டுலகூடப் பச்சத்தண்ணி தொடுறதில்ல."

அவர் சோணைமுத்து பக்கம் திரும்பினார்.

"கலரை வேணாம்னு சொன்னப்ப நீங்க என்ன நெனச்சிருப்பீகன்னு எனக்குத் தெரியும் சோணைமுத்து. நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்னுதான் திரும்பி வந்தேன். மூக்குல தண்ணி ஒழுகுறவன்னு பேரு வாங்குறதுக்கு, சாதித் திமிரு புடிச்சவன்னு பேரு வாங்குறது எனக்குத் தேவலையாப் பட்டுச்சு. ராவெல்லாம் யோசிச்சேன். வெக்கப்பட வேண்டியது எதுக்குன்னு அப்பத்தான் ஒறைச்சுது."

சோணைமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் வெளக்கம் சொன்னேன், என் வாசல்ல வந்து நின்ன ஆளுகிட்டக் கோட்டை விட்டுட்டேனே!"

"உங்க மக கோட்டை விடல. 'பாப்பா'ன்னு நான் மூக்கால சொன்ன ஒத்த வார்த்தையில கண்டுபுடிச்சிருச்சு. வீடு தேடி வந்து, திரைக்குப் பின்னால யாருக்கும் தெரியாமப் பாத்துக்கலாம்னுச்சு. நாந்தான் திரை வேணாம்னேன். நான் வெளியில உக்காந்தாத்தான் இன்னும் நாலு பேரு வருவாக."

சொன்னது போலவே, கூட்டத்திலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஆவுடைத்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார்.

மாரிசெல்வி குனிந்து முதல் பேரை எழுதினாள். அவள் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்ற சோணைமுத்துவுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இது என் மக என்று கத்த வேண்டும் போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் எல்லாம் சொல்லியாச்சுல்ல அண்ணாச்சி, குடிங்க. புள்ள எம்புட்டு நேரமா ஸ்பூனை வச்சுக்கிட்டு நிக்கிறா."

"இந்தப் பாட்டில் தண்ணி வேணாம்ணே" என்றார் தங்கப்பாண்டியன். "அன்னைக்கு நான் குடிக்காம வந்தேன்ல, உங்க வீட்டுத் தண்ணி... அதுல ஒரு சொம்பு கொண்டாரீகளா?"