ஐந்து பேருக்கு ஒரு சி

ஐந்து பேருக்கும் 'ஏ' போட்டு அனுப்பிப் பார்த்தாள்.

போகவில்லை. ஒருவருக்காவது 'சி' கொடுத்தாக வேண்டும் என்று திரை சிவப்பு எழுத்தில் மறித்தது.

மணி நாலு பத்து. ஐந்து மணிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும்.

அவள் டீம் லீடர். அவளுக்குக் கீழே ஐந்து பேர். ஐந்தில் ஒருவருக்குக் கட்டாயம் சி, அதுதான் இந்தக் கம்பெனியின் வருடாந்திர மதிப்பீடு. ஐந்து பேரும் மாடாக உழைத்திருந்தாலும் ஒருவர் மட்டம் என்று எழுதித்தான் ஆக வேண்டும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ!

அடுத்தடுத்து இரண்டு வருடம் சி வாங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வழக்கமாக ஒரு குறுக்கு வழி உண்டு. யாராவது வேலையை விட்டுப் போகிறார் என்றால் அவர் தலையில் சி-யைக் கட்டிவிடுவார்கள். போகிறவருக்கு நஷ்டமில்லை. இருப்பவர்கள் தப்பித்தார்கள்.

ஒரு மாதமாக அவள் வேண்டாத தெய்வமில்லை. ஒருத்தராவது ராஜினாமா கடிதத்தை நீட்டிவிடக் கூடாதா?

"அக்கா, ஒரு நிமிஷம்."

ஜெரோம் வந்து நின்றான். முகம் சரியில்லை.

போகிறான்! அவள் மனசு குதித்தது. அடுத்த நொடியே சீ என்று ஆகிவிட்டது.

அவன் கையில் கடிதம் எதுவும் இல்லை.

"நாங்க நாலு பேரும் பேசிட்டோம்க்கா. சுகன்யாவப் போட்டுருங்க. ஆறு மாசமா அவங்க லீவுலதான இருக்காங்க? எனக்குப் போன வருஷமே சி. இன்னொண்ணு வந்தா நான் காலி."

சுகன்யா ஐந்தாவது ஆள். பிரசவத்துக்குப் போனவள். திங்கட்கிழமை திரும்பி வருகிறாள்.

"உங்கப்பா ஐசியூல கெடந்தப்போ உன் வேலையையும் சேத்துப் பாத்தது யாருடா? எட்டு மாச வயித்தோட."

வாய் தவறி 'டா' வந்துவிட்டது. ஜெரோம் கோபித்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்தான்.

"தெரியும்க்கா."

போய்விட்டான்.

மற்ற மூவரும் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கினால் அவள் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்குமே.

அவன் சொன்னதில் ஓட்டை தேடினாள். கிடைக்கவில்லை. அவனுக்குப் போட்டால் அவன் வேலை போய்விடும். சுகன்யாவுக்கு இது முதல் சி. அவள் வேலை போகாது.

இந்த வருடம் போகாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இவளும் அப்படித்தான் பிரசவ லீவு முடிந்து ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்தாள். மேசைக்கு வருவதற்கு முன்பே சி வந்து காத்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது.

நாலு நாற்பது.

போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"அக்கா! பாப்பாவ விட எடம் கெடச்சிருச்சு. ஆபீஸ்லேருந்து ரெண்டே தெரு. திங்கக்கெழம டாண்ணு வந்துருவேன் பாருங்க."

சுகன்யாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். பின்னால் குழந்தை சிணுங்கியது.

இந்த வருட சி உனக்குத்தான் என்று அவள் பட்டென்று சொல்லிவிட்டாள். இழுத்தால் சொல்ல வராது என்று தெரியும்.

குழந்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சிணுங்கியது.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"சரிக்கா." மூக்கை உறிஞ்சும் சத்தம். "நீங்களாவது போன் பண்ணிச் சொன்னீங்களே. தேங்க்ஸ்க்கா."

தேங்க்ஸாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இருக்கைக்குத் திரும்பி, சுகன்யா பெயருக்கு நேரே சி போட்டாள். காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் திறந்தது.

முதுகுக்குப் பின்னால் மேனேஜர் கிரிதரன். டீம் லீடரான அவளுக்கு ஏ-யா சி-யா என்று எழுதப்போகிறவர் அவர்தான்.

"சுகன்யாவா? கரெக்ட். வழக்கமான வரியையே போட்டுருங்க, பங்களிப்பு போதலைன்னு. பிரசவம், லீவுன்னு எதுவும் வந்துடக் கூடாது. ஹெட் ஆபீஸ்ல வக்கீலுங்க படிப்பாங்க, கேஸாயிரும். பாத்து எழுதுங்க, அனுப்பிட்டா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது."

அவள் தோளுக்கு மேலாகத் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குப் போனார்.

நாலு ஐம்பத்தைந்து.

'பங்களிப்பு' என்று அடித்தாள்.

எட்டு மாத வயிற்றோடு இரண்டு ஆள் வேலை பார்த்தவளுக்கு, பங்களிப்பு போதவில்லை.

அழித்தாள்.

மறுபடி அடித்தாள். இந்த முறை நிறுத்தாமல் அடித்தாள்.

'சுகன்யாவின் வேலையில் எந்தக் குறையும் இல்லை. அவர் குழந்தை பெற்றுக்கொண்டார். இந்த சி அதற்காக. பிரசவம் என்று எழுதக் கூடாது என எனக்குச் சொல்லப்பட்டது.'

படித்துப் பார்த்தாள். வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, இந்த வேலையை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது, உனக்கு எதற்கடி இந்த வம்பு என்று உள்ளுக்குள் ஒரு குரல் கத்தியது.

நாலு ஐம்பத்தெட்டு.

அனுப்பினாள்.

சிவப்பு எழுத்து வரவில்லை. நன்றி என்று பச்சையில் வந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கண்ணாடி அறைக்குள், தன் திரைக்கு வந்த பட்டியலைப் படித்த கிரிதரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். இப்போதுதான் ஜெரோமும் மற்றவர்களும் தலை தூக்கி அவளைப் பார்த்தார்கள்.

பயமாகத்தான் இருந்தது.

அவள் எழவில்லை. அவரே வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.