மஞ்சளாகும் வரை

இந்தப் புதுப் பாகத்தில், ஒரு ரவுண்டில் பட்ட காயம் அடுத்த ரவுண்டிலும் மறையாதாம். அதற்காகவே தயாளன் அந்தச் சண்டை வீடியோ கேமின் ஒன்பதாம் பாகத்தை வந்த அன்றே வாங்கிவிட்டான். முதல் பாகத்திலிருந்தே ஞாயிறுதோறும் அவன் வீட்டில்தான் ஆடுகிறோம். அவன் ஆள் குத்தியதும் திரையில் என் ஆளின் கண் நீலமாக வீங்கியது. ஆட்டத்தை நிறுத்தி, "அசல் மாதிரியே பண்ணிருக்கான் பாருடா," என்றான். காபி கொண்டுவந்த மனைவி சுகந்தியிடமும் காட்டினான்.

அவள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"நெறம் தப்பு," என்றாள். "அடி விழுந்தன்னைக்கு செவப்பாத்தான் இருக்கும். மறுநாள்தான் நீலம். மஞ்சளாகுற வரைக்கும் வெளிய தல காட்ட முடியாது."

"இவளுக்கு என்னடா தெரியும்," என்று தயாளன் சிரித்தான்.

எத்தனையோ ஞாயிறு, 'அவளுக்குத் தலைவலி' என்று அவனே காபி போட்டு எடுத்துவந்திருக்கிறான். நல்ல புருஷன் என்று நினைத்து, சர்க்கரைகூடக் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன், மடையன்.

எழுந்தேன்.

"உக்காருடா, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு," என்றான்.

நான் உட்காரவில்லை.