லண்டன் றோல்ஸ்

எல்லிங்ஸ்ருட் மாடிவீட்டின் சமையலறையில் செப்டெம்பர் வெயில் சாய்ந்து கிடக்கிறது. காலையில் லண்டனிலிருந்து வந்திறங்கிய சுகிர்தா, பெட்டிக்குள் துவாயால் சுற்றிக் கொண்டுவந்த மட்டன் றோல்ஸைப் பொரிக்கிறாள். இந்த வட ஐரோப்பிய நாட்டின் நிதியமைச்சில் வேலை செய்யும் தம்பி லதீசன் மேசையில் கன்னத்துக்குக் கை கொடுத்தபடி எண்ணெயின் சலசலப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினால், அங்கிருந்து வரும் இறைச்சியை விமான நிலையத்தில் மறிப்பதற்கு எத்தனை பேர் கூடுதலாக வேண்டும், அதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று நேற்றுத்தான் எழுதி முடித்தான். வரவுசெலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்குப் போகும்வரை வீட்டிலும் அதைப்பற்றி வாய் திறக்கக் கூடாது. "நாங்கள் ஒன்றியத்தை விட்டுப் பிரிஞ்ச பிறகும் இதுகளைக் கொண்டுவரலாம்தானே?" என்று சுகிர்தா கேட்கிறாள். "அதை நான் இப்ப கதைக்கேலாது, அக்கா." அவள் சிரித்துக்கொண்டே முதல் றோலை ஊதி ஊதி அவன் கையில் வைக்கிறாள். பொன்னிறப் பொருக்கு உடைய, ஆவி எழுந்து அவன் மூக்குக்கண்ணாடியை மறைக்கிறது. அவன் அதைத் துடைக்கவில்லை. இதுவரை ஒரு வெங்காயம்கூட வெட்டியறியாதவன், எழுந்து வந்து அடுப்படியில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறான். "அக்கா, இதை எப்பிடிச் செய்யிறது?" அவள் கையிலிருக்கும் கரண்டி சட்டிக்கு மேலே அப்படியே நிற்கிறது. கீழே முற்றத்தில் பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கேட்கிறது. தம்பியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவள் அடுப்பைக் குறைக்கிறாள். "முதல்ல கிழங்கை அவிக்கோணும்," என்கிறாள், வேறொன்றும் கேட்காமல்.