தரையில் கிடந்த எண்ணெய்

"டேய் ஹினெக், இன்ஜின் மறுபடியும் ஒழுகுதுடா! கையில என்ன வெண்ணெயைத் தடவிக்கிட்டா வேலை பாக்கற?"

யாரோமிர் போனில் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைக்கத் தொடங்கியது.

"மூணு தடவை ஆயில் சீல் மாத்தியாச்சு. இதுக்கு மேல நான் என்னதான் செய்யட்டும்?" ஹினெக்கின் குரல் களைத்திருந்தது.

"பட்டறையைப் பூட்டிட்டுப் போயி முட்டைக்கோஸ் வித்துப் பிழைச்சுக்க."

போனை வைத்தார். முப்பது வருடச் சிநேகிதத்தில் தொழிலை விட்டுப் போ என்று சொன்னதில்லை. ஆனால் வருத்தம் வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது.

ஏறாதா பின்னே? கியோவ் ஊர்ப் பக்கத்தில் ஒரு வைக்கோல் கொட்டகையில் துருவாகக் கிடந்த வண்டி அது. 1934ஆம் வருடத்துத் திறந்த கார். ஏழு வருடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரும் ஹினெக்குமாக உட்கார்ந்து, அந்த இன்ஜினைத் திருகு திருகாகப் பிரித்து மறுபடி கோத்திருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் மலை ஓட்டம். அதில் ஓட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஆனால் காலையில் ஷெட்டைத் திறந்தால், இன்ஜினுக்குப் பின்பக்கம் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

இதற்கு முன் மூன்று முறையும் இதே கதை. எண்ணெயைப் பார்த்ததும் ரத்தம் கொதிக்கும். அன்றைக்கே இன்ஜினை இறக்கி ஹினெக்கின் பட்டறையில் கொண்டுபோய்ப் போட்டு, அங்கிருக்கும் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு வருவார்.

இன்று கத்தினால் மட்டும் போதாது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

தரையில் கிடந்த எண்ணெயை ஒரு துணியில் ஒற்றி எடுத்து ஓரமாகப் போட்டார். இன்ஜினைப் பெட்ரோல் விட்டு ஈரம் போகத் துடைத்தார். அடியிலும் பக்கத்திலும் பின்புறத்திலும் முகப் பவுடரைத் தூவினார். எண்ணெய் எந்த இடத்தில் கசிகிறதோ அந்த இடத்தில் பவுடர் கறுத்துக் காட்டிக் கொடுக்கும். இன்ஜினை ஓடவிட்டு, கீழே புது அட்டையை விரித்து, டார்ச்சோடு மல்லாந்து படுத்துக்கொண்டார்.

ஹினெக் மாட்டிய சீல்தான். பந்தயம் கட்டலாம்.

ஐந்து நிமிடம். பத்து. இருபது.

சீலைச் சுற்றி வெள்ளை. கேஸ்கட் ஓரமெல்லாம் வெள்ளை. ஒவ்வொரு போல்ட்டின் தலையும் கல்யாணக் கேக் போல வெள்ளை.

அட்டையில் ஒரு சொட்டு இல்லை.

எழுந்து இன்ஜினை நிறுத்தினார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கோபத்தில் இத்தனை நாளாக இதை ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. எண்ணெய் மேல் கோட்டில் நின்றது. ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. புதிதாகக் கோத்த இன்ஜினின் இரும்புத் தூள் கலந்து கன்னங்கரேலென்று இருந்தது.

ஓரத்தில் கிடந்த துணியைப் பார்த்தார்.

அதில் இருந்த எண்ணெய் தேன் நிறம். எந்த இன்ஜினுக்குள்ளும் போய் வராத எண்ணெய்.

அலமாரியில் இருந்த ஐந்து லிட்டர் டின்னைத் தூக்கினார். அவர் இன்னும் திறக்காத டின் அது. மூடி உடைந்து, எண்ணெய் கொஞ்சம் குறைந்திருந்தது.

ஷெட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று அவரிடம், இன்னொன்று மனைவியிடம்.

துணியைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குள் நுழைந்தார். லிபுஷே செர்ரிப் பழங்களுக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு.

"ஒவ்வொரு தடவையும் நீதான் ஊத்தினியா?" துணியை மேஜைமேல் அறைந்தார். கிண்ணம் உருண்டு பழங்கள் தரையெங்கும் சிதறின. "என் ஏழு வருஷத்துமேல எண்ணெய ஊத்தியிருக்க! ஹினெக்க ஊர் முன்னாடி நாயே பேயேன்னு பேசிட்டு வந்திருக்கேன்டி!"

அவள் குனிந்து பழங்களைப் பொறுக்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"ஈஸ்டர் அன்னிக்கு நீ வண்டி ஓட்டினப்ப, பாலத்து மேல, மான் எதுவும் குறுக்க வரல யாரோமிர்."

அவர் கையை மேஜையிலிருந்து எடுத்தார்.

"உன் கண்ணு திறந்துதான் இருந்துச்சு, நினைவுதான் இல்ல. நான் கத்தினேன், உனக்குக் கேக்கல. ஸ்டியரிங்கைப் பிடிச்சுத் திருப்பினது நான். பதினோரு நொடி, எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்புறம் நினைவு வந்து, 'மான் போச்சு பாத்தியா'ன்னு கேட்ட. டாக்டர்கிட்ட போலாம்னு ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் கதவைச் சாத்திட்டுப் போயிட்ட."

அன்றிலிருந்து வீட்டுக் காரை அவள்தான் ஓட்டுகிறாள். கை பழக வேண்டும் என்று காரணம் சொன்னாள். அவரும் நம்பினார். நம்புவது சௌகரியமாக இருந்தது.

அந்த மானை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். கொம்பு எவ்வளவு நீளம் என்பது உட்பட.

"மலைப் பாதையில பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க என்னால முடியாது" என்றாள் லிபுஷே. "அங்க ஒரு பக்கம் பள்ளம்."

நாற்காலியை ஓங்கி உதைத்தார். அது சுவரில் மோதி விழுந்தது. அவள்மேல் கோபம், வண்டிமேல் கோபம், தன் தலைக்குள் எங்கேயோ தொலைந்துபோன அந்தப் பதினோரு நொடிமேல் கோபம். எதையும் கையில் பிடித்துத் திருக முடியவில்லை.

நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"ஹினெக், ஞாயித்துக்கிழமை வண்டிய நீ ஓட்டு."

"என்னடா ஆச்சு? ஒழுகறது நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு." குரல் இன்னும் சிடுசிடுவென்றுதான் இருந்தது.

"எங்கேர்ந்துடா வந்துச்சு?"

லிபுஷே சிவந்த கைகளோடு அசையாமல் நின்றாள். பிறர் முன்னால் ஒரு நட்டுக்குக்கூடத் தன் தவறு என்று ஒப்புக்கொண்டிராத மனிதர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒரு போல்ட்டை நான்தான்டா முறுக்காம விட்டிருக்கேன்."