முருங்கைக்காய் சாம்பார்

சம்பந்தம் முடிவாகும்முன் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பார்கள் முன்பெல்லாம். இப்போது பெண் பார்க்க வந்த அன்றே இலை போட்டுவிடுகிறார்கள். முருங்கைக்காய் சாம்பார் கட்டாயம். ஏன் என்று நித்திலாவுக்கு அன்றுதான் விளங்கியது.

இரு வீட்டாரும் சேர்ந்து சாப்பிட்டு முடித்து, மாப்பிள்ளைப் பையன் கை கழுவப் போயிருந்தான். இலையெடுக்கும் சாக்கில் அவளுடைய அம்மா குனிந்து, அவன் மென்று துப்பிய சக்கையைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டாள். எச்சில் இன்னும் காயவில்லை.

நித்திலா அம்மாவின் கையைப் பிடித்தாள். "என்ன கருமம்மா இது?"

"கத்தாதடி. மரபணு ரிப்போர்ட்டக் கேட்டா குடுப்பாங்களா? அவங்கப்பா நாப்பத்தெட்டு வயசுல நெஞ்சுவலில போனவரு. பையனுக்கும் அது வருமான்னு லேப்ல நாலே நாள்ல சொல்லிருவாங்க."

"அசிங்கமா இல்ல?"

"ஊரே பண்ணுது. உனக்கு மட்டும் என்ன?"

தன் இலையையாவது தானே எடுப்போம் என்று நித்திலா திரும்பினாள். ஐந்து துண்டு மென்று ஓரமாக ஒதுக்கியிருந்தாள். இப்போது இலையில் ஒரு சக்கைகூட இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். பையனின் அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு பிரமாதங்க. கலந்து பேசிட்டு நாலு நாள்ல சொல்லி அனுப்புறோம்."

"எங்களுக்கும் அதே நாலு நாள்தாங்க," என்று அம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

பையனின் அம்மா போகிறபோக்கில் நித்திலாவின் கன்னத்தை ஆசையாக வருடினாள். விரல்கள் பிசுபிசுத்தன. கன்னத்தில் ஒட்டியது நித்திலாவின் சொந்த எச்சில்தான்.