சாணை பிடிக்காத கத்திகள்

விடுமுறை வந்தால் போதும், அந்த ஆபீஸ் கிளார்க்கின் வீட்டுக் கார் ஷெட்டில் டங் டங் என்று சத்தம் கேட்கும். பழைய ஸ்பிரிங் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிக் கத்தி அடிப்பது அவருடைய பொழுதுபோக்கு.

எதிர்வீட்டுக்காரர் தர்பூசணியோடு வந்தார். சுவரில் வரிசையாகத் தொங்கிய கத்திகளில் ஒன்றை எடுத்துப் பழத்தில் அழுத்தினார். தோலில் கோடுகூட விழவில்லை.

“என்ன சார், முனையும் மொட்டை, விளிம்பும் மொட்டை! சாணை பிடிக்க மறந்துட்டீங்களா?”

“அது மட்டும் எனக்குக் கைவரல சார்.”

“நல்ல ஆளுதான் போங்க! எங்க வீட்லயே நறுக்கி எடுத்துட்டு வரேன்.”

அவர் சிரித்துக்கொண்டே போனதும், வாசலில் நின்ற மனைவி கேட்டாள்.

“கைவரலைன்னு ஏங்க பொய் சொல்றீங்க? முன்னெல்லாம் எவ்வளவு அழகா தீட்டுவீங்க!”

“கல்லு எங்கயோ தொலைஞ்சு போச்சும்மா.”

“எனக்குத்தான் இப்ப சரியாயிடுச்சே. ஒண்ணையாவது தீட்டுங்களேன்.” சொல்லிக்கொண்டே, சட்டைக் கையை மணிக்கட்டுத் தழும்பின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“பார்க்கலாம்” என்றார்.

சாணைக்கல் ஆபீஸ் மேஜைக்குள் பூட்டிக் கிடந்தது. பட்டறையையே மூடியிருக்கலாம். மூடினால், தன்னால்தான் மூடினார் என்று அவள் மருகுவாள்.

அடுத்த மொட்டைக் கத்திக்கான பட்டையை நெருப்பில் வைத்தார்.