நாலு மணி டியூட்டி

“நாலு மணி. டியூட்டியை நான் எடுத்துக்கிட்டேன். எல்லாம் நலம்.”

கரகரத்த குரல் அறை வாசலில் கேட்டது. கட்டிலில் கிடந்த அம்மா, பார்வை போன கண்களை அந்தப் பக்கம் திருப்பினாள்.

“தொண்டை இன்னும் சரியாகலையா?”

“ம்.”

“அப்ப பேசாதீங்க. உக்காருங்க.”

மகன் உட்கார்ந்தான். காலில் அப்பாவின் செருப்பு, ஒரு அளவு பெரிது. கன்னத்தில் அப்பாவின் சவர சோப்பு வாசனை. அம்மா கண்ணயரும்வரை ஒரு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சமையலறைக்கு வந்து நாற்காலியில் சரிந்தான்.

“இருபத்து மூணு நாளாச்சுங்க” என்றாள் அவன் மனைவி. “இன்னும் எத்தனை நாளைக்கு உங்கப்பாவா நடிக்கப் போறீங்க?”

அப்பா கடற்படையில் இருபத்திரண்டு வருடம், கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு துணி ஆலையில் கொதிகலன் பார்த்தார். பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு அவரேதான் இஸ்திரி போடுவார். யார் எப்போது குளிப்பது என்பதற்கும் சுவரில் அட்டவணை ஒட்டுவார். தெருவில் அவருக்குப் பெயரே ‘கப்பல்’தான். அம்மாவுக்குப் பார்வை போய், இதயமும் இரண்டு முறை மக்கர் செய்தபின், வீட்டில் நாலு மணி நேரத்துக்கு ஒருவர் அவளருகில் டியூட்டி என்று ஏற்பாடு செய்தார். மாலை நாலு முதல் எட்டுவரை அவருடையது.

போன மாதம் தபால் நிலைய வரிசையில் நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அதிர்ச்சியை அம்மாவின் இதயம் தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அன்று நாலு மணிக்கு மகன் முதல் தடவையாக அந்த வாசலில் வந்து நின்றான்.

“டாக்டர் சொன்னதைக் கேட்டேல்ல?” என்றான்.

“கேட்டேன். அத்தைக்கு முந்தி நீங்க போய்ச் சேந்துருவீங்க போல. ஆபீஸ்ல அரை நாள் லீவு, வீட்ல அரை நாள் வேஷம். கண்ணாடியில மூஞ்சியப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அப்பா மாதிரியே இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அலுப்பாக இருந்தது.

“இன்னைக்கே சொல்லிடலாங்க.”

“அடுத்த வாரம்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.”

அதற்குள் அவன் மேசைமேல் தலை கவிழ்ந்து தூங்கிப்போயிருந்தான். அவள் சற்று நேரம் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாத்திரையும் தண்ணீருமாக மாமியாரின் அறைக்குள் போனாள். ஆனது ஆகட்டும்.

“அத்தை... உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“கதவைச் சாத்திட்டு வாம்மா. அவன் தூங்கிட்டானா?”

“யா... யாரு அத்தை?”

“வேற யாரு? உன் புருஷன்தான்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“கப்பல்ல டியூட்டி மாத்த வர்றவன் கால் மணி முன்னாடியே வந்து நிக்கணும், அதுதான் அங்க வழக்கம். உன் மாமனார் ஒரு நாள்கூட மணி அடிச்சப்புறம் வந்ததில்ல. இவன் முதல் நாளே கரெக்டா நாலு மணிக்கு வந்தான். அவர் உசிரோட இருந்தா தன் டியூட்டிக்கு இன்னொருத்தனை விடுவாரா? அன்னைக்கு ராத்திரி பூரா சத்தமில்லாம அழுது தீத்துட்டேன்.”

“அத்தை, அப்ப ஏன் எங்ககிட்ட...”

“உஷ், மெதுவா. எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட மூச்சு விட்டுடாதே” என்றாள் மாமியார். “அப்பா போனதை அவனால இன்னும் ஏத்துக்க முடியலம்மா, எனக்காகன்னு சொல்லிக்கிட்டு தினம் ஒரு மணி நேரம் அவர்கூட இருந்துட்டுப் போறான், இருக்கட்டும்.”